சாட்சி சொல்லப் போகிறவனை மிரட்டினால் என்ன சட்டம்? நாகர்கோவில் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது

கேள்வி: குலைக்கடைக்காரன்

வணக்கம். கல்குளம் தாலுகாவில் ஒரு சந்தைக்குப் பக்கத்தில் வாழைக்குலை மொத்தக் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப்பெயரை எழுதவில்லை. ஏன் என்று கீழே வாசித்தால் புரியும்.

2023 ஓணச் சமயம் நடந்தது. ஓணத்துக்கு முந்தைய வாரம் எங்களுக்கு ராத்திரி பகல் கிடையாது, ஏத்தன் குலை லோடு லோடாக மலையாளக் கரைக்குப் போகும். விடியற்காலை டெம்போவில் குலை அடுக்கிக்கொண்டிருந்தோம். எதிரே டீக்கடை வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கிய இரண்டு பேர், அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பையனை வெட்டினார்கள். தலையில் விழ வேண்டிய வெட்டு. அவன் கையைத் தூக்கியதால் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. நானும் லோடுமேனும் குலை கட்டுகிற கயிற்றால் மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். பையன் பிழைத்துக்கொண்டான்.

வெட்டியவர்களில் ஒருவனை எனக்கு நன்றாகவே தெரியும். அவனுடைய மாமா வீட்டுத் தோட்டத்துக் குலைதான் வருஷக் கணக்கில் என் கடைக்கு வந்துகொண்டிருந்தது. கடை லைட் வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தேன். போலீஸ் கேட்டபோது சொன்னேன். பிறகு மாஜிஸ்திரேட் முன்னாலும் சத்தியப் பிரமாணம் எடுத்துச் சொன்னேன். கடை கேமராவின் டிவிஆர் பெட்டியை மகஜர் எழுதிக் கொண்டுபோனார்கள். இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) 307ல், கொலை முயற்சி என்று வழக்கு. இரண்டு பேரும் ஜாமீனில் வந்துவிட்டார்கள். இப்போது நாகர்கோவில் செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சி சொல்ல எனக்குச் சம்மன் வந்திருக்கிறது.

சம்மன் வந்த இரண்டாம் நாளே அந்த மாமா கடைக்கு வந்தார். ஒரு செந்துளுவன் குலையை விலை கேட்காமல் எடுத்துக் காரில் வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "அடிபட்ட பையனுக்கே பணம் கொடுத்துத் தீர்த்தாச்சு. அவனே ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நீ மட்டும் எதுக்கு? இருட்டு, சரியா தெரியலன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். உனக்கும் ஒரு லட்சம் வச்சிருக்கேன்" என்றார். போகும்போது, "கேமராவுல வேற காப்பி எதாவது இருந்தா அழிச்சிரு" என்றும் சொன்னார்.

நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் ராத்திரி வீட்டு நம்பருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கால். மனைவி எடுத்தாள். தெரியாத குரல். எங்கள் மகள் காலையில் எந்த பஸ்ஸில் ஏறுகிறாள், எந்த ஸ்டாப்பில் இறங்குகிறாள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "அப்பாகிட்ட சொல்லுங்க" என்று வைத்துவிட்டான். அன்றிலிருந்து மனைவி தூங்குவதில்லை.

நான் கேட்பது இதுதான். இப்படிப் பேசினதெல்லாம் குற்றமா, அல்லது அடித்தால்தான் குற்றமா? எங்கே போய்ச் சொல்ல வேண்டும்? ஸ்டேஷனில் வாய்மொழியாகச் சொன்னதற்கு, "அது கோர்ட் சமாச்சாரம், ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நான் கூண்டில் ஏறி "தெரியவில்லை" என்று சொன்னால் எனக்கு என்ன ஆகும்? பயத்தில் கேட்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

(திருத்தம்: மகள் படிக்கும் இடத்தையும் எழுதியிருந்தேன். கீழே வக்கீலம்மா சொன்னதால் நீக்கிவிட்டேன்.)

பதில்: பழைய டிரைவர்

தம்பி, நான் சட்டம் படித்தவன் இல்லை. முப்பது வருஷம் மார்த்தாண்டம் நாகர்கோவில் ரூட்டில் பஸ் ஓட்டினவன். உன் நன்மைக்குச் சொல்கிறேன். நாளைக்கும் நீ அதே ஊரில்தான் கடை திறக்க வேண்டும், அதே ஆளுகளிடம்தான் குலை வாங்க வேண்டும். போலீஸ் உன் வாசலில் எத்தனை நாள் நிற்கும்? வெட்டுப்பட்டவனே சமாதானம் ஆகிவிட்டான் என்றால், மூன்றாம் மனிதன் நீ எதற்குத் தலையைக் கொடுக்கிறாய்? பணத்தை வாங்காதே, அது பாவம். ஆனால் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடு. பெண் பிள்ளை இருக்கிற வீடு.

பதில்: இரணியல் வக்கீல்

முதல் வேலையாக உங்கள் பதிவிலிருந்து மகள் படிக்கும் இடத்தை எடுத்துவிடுங்கள். அந்த ஆட்களும் இதை வாசிக்கலாம்.

டிரைவர் அண்ணாச்சி அக்கறையோடுதான் சொல்கிறார். கோர்ட்டுக்கு வருகிற சாட்சிகளில் பாதிப் பேருக்கு வீட்டில் இதே அறிவுரைதான் கிடைக்கிறது. ஆனால் "தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடு" என்பது பாதுகாப்பான வழி என்று நினைத்தால், அது இந்த வழக்கில் சரி இல்லை. காரணம் சொல்கிறேன்.

போலீஸிடம் சொன்னது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 161ம் பிரிவு வாக்குமூலம். அதில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை, சத்தியமும் செய்யவில்லை. மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னது 164ம் பிரிவு. அது சத்தியப் பிரமாணத்தின்மேல் சொன்னது. அதற்கு நேர்மாறாகக் கூண்டிலும் சத்தியம் செய்து சொன்னால், சத்தியத்தின்மேல் முரணான இரண்டு கூற்றுகள் உங்கள் பெயரில் இருக்கும். இரண்டில் எது பொய் என்று நிரூபிக்க முடியாவிட்டாலும், பொய்ச்சாட்சி சொன்னதாகத் தண்டிக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமே உதாரணத்தோடு சொல்கிறது. 'பி என்பவர் சி என்பவரைத் தடியால் அடித்ததைப் பார்த்தேன்' என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர், செஷன்ஸ் கோர்ட்டில் 'அடிக்கவே இல்லை' என்கிறார். அதுதான் அந்த உதாரணம். உங்கள் நிலைமை அதேதான். நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொன்னால், ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) 229படி ஏழு வருஷம் வரை போகலாம். முன்பு சொன்னதை மாற்றிச் சொல்கிற எல்லாப் பிறழ்சாட்சிமேலும் கோர்ட் வழக்குப் போடுவதில்லை, உண்மைதான். ஆனால் கேமரா பதிவு கோர்ட் கையில் இருக்கிறபோது நீங்கள் மட்டும் "இருட்டு" என்றால், எல்லார் கண்ணும் உங்கள்மேல்தான் இருக்கும்.

இன்னொன்று. சாட்சி பிறழ்ந்தால் வழக்கு தானாக விழுந்துவிடும் என்று அந்த மாமா நம்புகிறார். அப்படி இல்லை. 2015ல் நடந்த கோகுல்ராஜ் கொலை வழக்கில் முக்கியமான சாட்சியே பிறழ்ந்துபோனார். ஆனாலும் திருச்செங்கோடு கோயில் கேமரா பதிவு உள்ளிட்ட மற்ற ஆதாரங்களை வைத்து 2022ல் மதுரையில் தண்டனை கிடைத்தது. 2023ல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பொய் சொன்னதாக அந்தச் சாட்சிமேல் உயர் நீதிமன்றம் தானாகவே அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது. குற்றவாளியும் தப்பவில்லை, சாட்சிக்கும் நிம்மதி கிடைக்கவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெட்டு நடந்தது 2023ல் என்பதால் அந்த வழக்கு பழைய ஐபிசியில்தான் நடக்கும். மிரட்டல் நடந்தது இப்போது. 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த குற்றம் எதுவானாலும் புதிய சட்டம்தான். பிஎன்எஸ் 232ஐ வாசித்துப் பாருங்கள். பொய்ச்சாட்சி சொல்ல வைக்கும் நோக்கத்தோடு ஒருவருடைய உடம்புக்கோ, பெயருக்கோ, சொத்துக்கோ தீங்கு செய்வேன் என்று மிரட்டினால் ஏழு வருஷம் வரை தண்டனை. அவருக்கு வேண்டியவர்களுடைய உடம்பையோ பெயரையோ சொல்லி மிரட்டினாலும் அதே பிரிவுதான். உங்கள் மகள் பஸ் ஏறுவதைச் சொன்னது நேரே இதற்குள் வருகிறது. அடித்தால்தான் குற்றம் என்பது இல்லை. சொன்னதே குற்றம். ஆளைக் காட்டாமல் பேசினதற்கு 351லும் தனியாக இருக்கிறது. பெயரை மறைத்து மிரட்டினால் தண்டனை கூடும்.

ஒரு லட்சம் விஷயம் வேறு பிரிவு. 232 மிரட்டலுக்கு மட்டும்தான், ஆசை காட்டுவது அதில் வராது. ஆனால் பொய்ச்சாட்சி சொல்லத் தூண்டுவதே குற்றம். நீங்கள் அவர் சொன்னபடி கேட்காவிட்டாலும் அவர் செய்தது குற்றம்தான். பிஎன்எஸ் 56ல், பொய்ச்சாட்சி சொல்லத் தூண்டப்பட்டவர் சொல்லாமல் விட்டாலும் தூண்டியவருக்குத் தண்டனை உண்டு என்று உதாரணமே போட்டிருக்கிறார்கள். குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் நாலில் ஒரு பங்கு வரை. நீங்கள் பணத்தை வாங்கினால் 250ல் நீங்களே குற்றவாளி. ஒருவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்றுவதற்காகப் பணம் வாங்குவது அது. ஆயுள் தண்டனைக்குரிய வழக்கு என்றால் மூன்று வருஷம் வரை.

"பையனுக்கே தீர்த்தாச்சு" என்கிறாரே, அதிலும் ஏமாறாதீர்கள். 307 சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. அவர்கள் வேண்டுமானால் உயர் நீதிமன்றத்துக்குப் போகட்டும். சாட்சியை விலைக்கு வாங்குவதற்கு அந்தப் பேச்சு அனுமதி ஆகாது. கேமரா காப்பி இருந்தால் அதைத் தொடவே செய்யாதீர்கள். ஆதாரமாகக் கோர்ட்டுக்குப் போக வேண்டிய மின்னணுப் பதிவை அழிப்பது 241ல் குற்றம், அழிப்பவர் யாராக இருந்தாலும். அவர் சொல்லி நீங்கள் அழித்தால் மாட்டப்போவது நீங்கள்.

ஸ்டேஷனில் "கோர்ட் சமாச்சாரம்" என்றதைப் பற்றி. கோர்ட் எழுதிக் கொடுத்தால்தான் இந்த மாதிரிப் புகாரை எடுக்க முடியும் என்று முன்பு ஒரு வாதம் இருந்தது. பக்கத்துக் கேரள உயர் நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதை எதிர்த்துக் கேரள அரசு போனது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சாட்சியை மிரட்டுவது போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடக்கூடிய குற்றம், கோர்ட்டின் புகாருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மிரட்டப்பட்ட மனிதனை, முதலில் கோர்ட்டுக்குப் போய் அலை, பிறகு பார்க்கலாம் என்று சொல்வது எவ்வளவு கொடுமை என்று நாங்கள் இங்கே கண்ணால் பார்க்கிறோம். அந்தத் தீர்ப்பு வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஆகவே புகாரை எழுத்தில் கொடுங்கள். தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே. அலங்காரம் வேண்டாம். உங்கள் மனைவி கேட்டதை அவரே தனியாக எழுதிக் கையெழுத்துப் போடட்டும். வாங்கவில்லை என்றால் எஸ்பி அலுவலகத்துக்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையவில்லை என்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 175(3)ல் மாஜிஸ்திரேட். அதே புகாரின் நகலை அரசு வழக்கறிஞர் கையில் கொடுத்துவிடுங்கள். ஜாமீன் உத்தரவில் 'சாட்சிகளை நேரடியாகவோ மறைமுகமாகவோ கலைக்கக் கூடாது' என்று நிபந்தனை இருக்கும். மாமா வந்து பேசினது மறைமுகம் என்பதற்குள் வரும். ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி அரசு வழக்கறிஞர் மனுப் போடலாம். இந்த ஊர் வழக்குகளில் மிரட்டல் சட்டென்று நிற்பது அந்த மனு போட்ட அன்றைக்குத்தான்.

பதில்: கோர்ட் டூட்டி, ஓய்வு

தம்பி, நான் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பல வருஷம் கோர்ட் டூட்டிதான். வக்கீலம்மா சட்டம் எல்லாம் சொல்லிவிட்டார். நான் வராந்தாவில் நடப்பதைச் சொல்கிறேன்.

சாட்சியைக் கலைக்கிறவன் அரிவாளோடு வர மாட்டான். டீயோடுதான் வருவான். காலையில் சாட்சி பஸ் இறங்கி வரும்போதே ஒருத்தன் கூடச் சேர்ந்துகொள்வான். "சாப்பிட்டீங்களா?" என்பான். வேறொருத்தன் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்று சாட்சியையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு வார்த்தை பேச மாட்டான். நெய்யூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தர், மகனுடைய வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர், அந்தப் பார்வைக்குப் பயந்து மூத்திரம் போகக்கூட எழுந்திருக்காமல் பெஞ்சிலேயே இருந்தார். பெஞ்சின் விளிம்பைப் பிடித்த கை விடவே இல்லை. கேஸ் கூப்பிடும்வரை நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. அவர் உள்ளே போய் நடந்ததைச் சொன்னார்.

அதனால் அன்றைக்குக் காலையில் வந்ததும் முதலில் கோர்ட் டூட்டிக் காவலரைப் பாருங்கள். "நான் இன்ன வழக்குச் சாட்சி, எனக்கு மிரட்டல் இருக்கிறது, புகார் கொடுத்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அரசு வழக்கறிஞர் அறையில் உட்காரக் கேளுங்கள். வெளியே டீ வாங்கித் தருகிறேன் என்று வருகிற தெரிந்த முகம் எதையும் நம்ப வேண்டாம். ஜட்ஜ் முன்னால் போனபிறகு யாராவது முறைத்தால், வாய்விட்டுச் சொல்லலாம்: "ஐயா, இவர் என்னை மிரட்டினார், எனக்குப் பயமாக இருக்கிறது." இதைச் சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் ஒரே நாளில் முடிந்துவிட வேண்டும் என்று அரசு வழக்கறிஞரிடம் கெஞ்சியாவது கேளுங்கள். எதிர்த்தரப்பு, "குறுக்கு விசாரணைக்கு வாய்தா வேண்டும்" என்று கேட்கும். அந்த இடைவெளியில்தான் சாட்சியைத் தின்கிறார்கள். பஞ்சாபில் ஓர் ஊழல் வழக்கில் சாட்சி முதலில் சரியாகச் சொன்னார். குறுக்கு விசாரணை நடந்தது ஒரு வருஷம் எட்டு மாதம் கழித்து. அதற்குள் அந்தச் சாட்சி முழுக்க மாறிப்போனார். 2015ல் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்து, குறுக்கு விசாரணையை இப்படித் தள்ளிப்போடக் கூடாது என்று எழுதியிருக்கிறது. முன்பே தெரிந்தால் வழக்கறிஞர் அதை எடுத்துக் காட்டுவார்.

டிரைவர் அண்ணன் கேட்டார், போலீஸ் எத்தனை நாள் வாசலில் நிற்கும் என்று. நியாயமான கேள்வி. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் 2018 என்று ஒன்று இருக்கிறது. அந்த வருஷம் டிசம்பர் 5ம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்கு ஒப்புதல் கொடுத்து, நாடு முழுக்கச் சட்டம் மாதிரி நடக்கும் என்று சொன்னது. இப்போது பிஎன்எஸ்எஸ் 398ம் ஒவ்வொரு மாநிலமும் இப்படித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. மாவட்ட நீதிபதி தலைவர், மாவட்டப் போலீஸ் தலைவர் ஓர் உறுப்பினர், மாவட்டத்தில் அரசுத் தரப்பு வழக்குகளுக்குத் தலைவராக இருப்பவர் உறுப்பினர் செயலர். இவர்கள்தான் கமிட்டி. விண்ணப்பம் செயலரிடம் போகும். உங்கள் சப்டிவிஷன் டிஎஸ்பி, உத்தரவு கிடைத்து ஐந்து வேலை நாளுக்குள் ஆபத்து எவ்வளவு என்று ரகசிய அறிக்கை தர வேண்டும். அறிக்கையைப் பொறுத்து ரோந்து, வீட்டில் கேமரா, நம்பர் மாற்றித் தருவது, கோர்ட்டுக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவது, எதிரியும் நீங்களும் நேருக்கு நேர் பார்க்காமல் ஏற்பாடு, தேவைப்பட்டால் கொஞ்ச நாள் வேறு இடத்தில் தங்க வைப்பது என்று பலதும் உண்டு. ஒரு தடவைக்கு மூன்று மாதம் வரை, பிறகு திரும்பப் பார்ப்பார்கள். சின்ன அடிதடி வழக்குக்கு இது கிடைக்காது. உங்களுடையது கொலை முயற்சி, கிடைக்கும்.

போலீஸ் வேலை பார்த்தவன் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். 2020ல் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்துத் தந்தையும் மகனும் இறந்தது எல்லாருக்கும் தெரியும். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்கே ஸ்டேஷனில் ஒத்துழைப்புக் கொடுக்கவில்லை. கேமரா பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டு, ஸ்டேஷனையே வருவாய்த் துறை அதிகாரிகள் கையில் ஒப்படைக்கச் சொன்னது. அங்கே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், கூட வேலை செய்கிறவர்கள் வெளியே நிற்கும்போதே, தான் பார்த்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். அவருக்கும் குழந்தைகள் இருந்தார்கள். காக்கிச் சட்டை போட்ட எனக்கு அந்த அம்மாதான் பெருமை.

குலைக்கடைக்காரன்

வக்கீலம்மாவுக்கும் ஏட்டய்யாவுக்கும் நன்றி. டிரைவர் அண்ணாச்சி, உங்கள்மேல் கோபம் இல்லை, என் மாமியாரும் அதையேதான் சொல்கிறார்.

ஒரு சந்தேகம். அன்றைக்கு ஒருவன் முகத்தைத்தான் நான் தெளிவாகப் பார்த்தேன். இன்னொருவன் ஹெல்மெட் போட்டிருந்தான். உயரம், சட்டை நிறம் மட்டும் தெரியும். அதைச் சொன்னால் நான் பின்வாங்குவதாக நினைப்பார்களா?

இரணியல் வக்கீல்

நினைக்க மாட்டார்கள். பார்த்ததைப் பார்த்தேன் என்பதும் பார்க்காததைப் பார்க்கவில்லை என்பதும் இரண்டும் உண்மைதான். ஹெல்மெட் போட்டவனை அடையாளம் தெரியாது என்றே சொல்லுங்கள். தெரிந்தவனைத் தெரியாது என்பதுதான் பொய். குறுக்கு விசாரணையில் "லைட் எவ்வளவு தூரத்தில் இருந்தது, அந்தச் சமயம் நீங்கள் குலையைப் பார்த்தீர்களா ரோட்டைப் பார்த்தீர்களா" என்று துருவுவார்கள். அது அவர்கள் வேலை, அதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள். அவசரப்பட்டு அடி கணக்கும் நிமிஷக் கணக்கும் சொல்லாதீர்கள். கூண்டு ஏறுவதற்கு முன் உங்கள் பழைய வாக்குமூலத்தை வாசித்துப் பார்க்க அரசு வழக்கறிஞரைக் கேட்கலாம்.

பதில்: கருங்கல் டு டெக்சாஸ்

நான் கருங்கல்காரி, இங்கே டெக்சாஸில் நர்ஸ். இந்த ஊர்க் குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கும் ஜூரி கடமைக்குக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு இடைவேளைக்கும் முன்னால் ஜட்ஜ் அதையே திரும்பச் சொல்வார்: வழக்கைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள், யாராவது பேச வந்தால் உடனே என்னிடம் சொல்லுங்கள். லிஃப்டில் எதிர்த்தரப்பு வக்கீல் ஏறினால் எங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூட மாட்டார். இங்கே மத்தியச் சட்டத்தில் ஜூரியைக் கலைக்க முயல்வது தனிக் குற்றம். சாட்சியை மிரட்டினாலோ, கெட்ட நோக்கத்தோடு மனசை மாற்றப் பார்த்தாலோ இருபது வருஷம் வரை தண்டனை. நம் ஊரில் ஜூரி இல்லை, முடிவு ஜட்ஜ் கையில். அதனால் எல்லா அழுத்தமும் சாட்சி தலையில்தான் இறங்குகிறது என்று உங்கள் பதிவை வாசித்தபோது தோன்றியது. அண்ணே, நீங்கள் கயிறு கட்டியதால்தான் அந்தப் பையனுக்கு ரத்தம் நின்றிருக்கும். ஒரு நர்ஸாகச் சொல்கிறேன்.

குலைக்கடைக்காரன்

எல்லாருக்கும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மனைவியும் நானும் தனித்தனியாக எழுதினோம். ஸ்டேஷனில் முதலில், வழக்குப் போடாமல் புகார் வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் தருகிறோம் என்றார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விவரத்தைப் பேப்பரில் எழுதி வைத்திருந்தேன், மரியாதையாக எடுத்து நீட்டினேன். வேறொரு அதிகாரி வாசித்துவிட்டு, சாயங்காலம் எஃப்ஐஆர் நகல் தந்தார். 232 போட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் கால் வந்த போனை அப்படியே வைத்திருக்கச் சொன்னார்கள், எதையும் அழிக்கவில்லை. நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் போய்க் கேட்டோம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு என்று மனைவியின் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பாதுகாப்பு விண்ணப்பமும் கொடுத்தாயிற்று. டிஎஸ்பி அலுவலகத்திலிருந்து வந்து வீட்டையும் பஸ் ஸ்டாப்பையும் பார்த்துப் போனார்கள். ராத்திரி பீட் போலீஸ் வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். அரசு வழக்கறிஞர் ஜாமீன் ரத்துக்கு மனுப் போட்டிருக்கிறார்.

மாமா அதன்பிறகு கடைப்பக்கம் வரவில்லை. அவர் தோட்டத்துக் குலையும் வரவில்லை. நஷ்டம்தான். பேச்சிப்பாறைப் பக்கம் வேறு தோட்டக்காரர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். டிரைவர் அண்ணாச்சி நேற்று கடைக்கே வந்தார். சாட்சி நாளில் காலையில் தன் மகன் காரில் எங்களைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு மனைவி கோர்ட்டுக்குள் வந்து உட்காரலாமா? அவள் உள்ளே இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

இரணியல் வக்கீல்

வெட்டு வழக்கில் அவர் சாட்சி இல்லை. விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடப்பதால் தாராளமாக உள்ளே உட்காரலாம். ஜட்ஜ் மூடிய அறையில் விசாரிக்க உத்தரவிட்டால் மட்டும் வெளியே இருக்க வேண்டியிருக்கும். மிரட்டல் வழக்கு பின்னால் விசாரணைக்கு வரும்போது கதை வேறு. அதில் அந்தக் காலைக் கேட்டவரே அவர்தான். நீங்கள் இருவருமே அதில் சாட்சிகள் என்பதால், ஒருவர் சொல்லும்போது மற்றவர் வெளியே இருக்க வேண்டும். இப்போது வந்திருக்கிற சம்மனுக்கு இருவரும் சேர்ந்தே வாருங்கள். ஆதார் அட்டையும் சம்மனும் கையில் இருக்கட்டும், பத்து மணிக்கு முன்னாலேயே அரசு வழக்கறிஞர் அறைக்கு வந்துவிடுங்கள்.